வாரத்துக்கு ஒரு பொட்டலம்

பால் என்றாலே எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது தெரிந்தும் இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் அம்மா ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றாள். "நீ குடிச்சாத்தான் நான் நகருவேன்" என்று வழிமறித்து நிற்பவளோடு யார் மல்லுக்கு நிற்பது? மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துத் தொலைத்தேன்.

நான் பல் செட் செய்கிறவள். வாயின் அச்சை வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மாட்டுகிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு என் வலது கை திடீரென்று மரத்துப் போனது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்றார்கள். ஒயரின் மேலுறை உரிந்துபோவது போல, நரம்பின் உறையை நம் உடம்பே அரித்துவிடும் நோய். எப்படியோ கை திரும்பி வந்தது. "இன்னொரு தடவை வந்தா முழுசா சரியாகும்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்ததால், நோய்க்கான ஊசியோடு வாரத்துக்கு ஒரு பொட்டலம் வைட்டமின் தூளும் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் கலந்து நானே குடித்துவிடுவேன்.

போன மாதம் வாந்தி ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கால்கள் துவண்டன. ஒரு வெள்ளிக்கிழமை கோரைப்பல்லை இடம் மாற்றி நட்டுவிட்டேன். பதினாறு வருடத்தில் நடக்காத தப்பு. முதலாளி அதைப் பிடுங்கித் தானே சரியாக நட்டார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. கை போச்சு, வேலை போச்சு என்று கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

டாக்டரம்மா முட்டியைத் தட்டிப் பார்த்தார், விரலைப் பிடித்துப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் முடிவைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. வைட்டமின் டி அதுக்கு மேல. எத்தனை பொட்டலம் சாப்பிடறீங்க?"

"வாரத்துக்கு ஒண்ணுதான் டாக்டர்."

"ஒண்ணுல இப்படி ஏறாதே."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் செருப்பைப் பார்த்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். கல்யாணமான நாள் முதல் இதே கதைதான்.

"என்னங்க?"

"அத்தை கேட்டாங்க. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சத்துத் தூள்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு…"

"பால்லயா?"

"தினமும்."

டாக்டரம்மா எதிரில் இருந்ததால் பிழைத்தார்.

"இது புதுத் தாக்குதல் இல்லம்மா. ரெண்டு மூணு நாள் படுத்து சலைன் ஏத்திக்கோங்க. கால்சியம் இறங்கினா கை கால் பழையபடி ஆயிடும்" என்றார் டாக்டரம்மா.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தைரியத்தில் ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "டி குறைவா இருந்ததாலதான் எனக்கு இது வந்துச்சா?"

"குறைவா இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வருது, அது உண்மை. உங்களுக்கு அதனாலதான் வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அள்ளிக் கொட்டினா போயிடும்னு மட்டும் நினைக்காதீங்க."

சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் வருவதற்குள் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"ஏம்மா, என்னைக் கொல்லப் பாத்தியா?"

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல படிச்சேன்டி. வெயிலே படாத பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகமா வருதாம். உன்னை நான்தானே வெளியவே விடல? கறுத்துடுவே, கறுத்துடுவேன்னு வீட்டுக்குள்ளயே வச்சேன். எதிர் வீட்டுப் பிள்ளைங்க தெருவுல ஆடும், நீ ஜன்னல்ல நிப்பே. நான் பண்ணின தப்பை நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

வாய்வரை வந்த திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

"நான் கேட்டுட்டேன்மா. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

"டாக்டரம்மாவே சொன்னாங்களா?"

"அவங்களேதான் சொன்னாங்க. வேணும்னா உன் மாப்பிள்ளையக் கேளு, கூடத்தான் இருந்தார்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா அத்தை" என்றார் அவர், செருப்பைப் பார்த்தபடி.