அப்பா வரும் வழி

என் அப்பா ரத்தினவேல் பாராசூட் படையில் இருந்தார். எழுபத்தொன்றாம் வருடப் போரில் அவர் விமானத்திலிருந்து குதித்தபோது நான் அம்மா வயிற்றில் ஆறு மாதம். கூடக் குதித்தவர் ஒருவர் எங்கள் ஊர் நார்த்தாமலை வரைக்கும் தேடி வந்து அம்மாவிடம் சொன்னது இதுதான்: "குதிச்சதைப் பார்த்தேன் தங்கச்சி. எறங்குனதை யாருமே பாக்கல."

வருடா வருடம் கார்த்திகையில் அப்பாவுக்குப் படையல். இலை போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். எல்லா வீட்டு வழக்கம்தான். அம்மா மட்டும் அன்றைக்குக் கூரையில் ஒரு ஓடு நீக்கி வைப்பாள். "அவங்க மேலேருந்துதானே வரணும்" என்பாள்.

அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் கணவர் ரெங்கராஜ் துபாயில் உழைத்த காசில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினார். "மாமா வர்றதுக்கு வழி வேணும்னு இன்ஜினியர்கிட்ட எப்புடிச் சொல்றது?" என்று கேலி வேறு. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வருடம் உச்சிப்பொழுதில் கோழிக்குழம்பு ஊற்றிப் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான். மொட்டைமாடியில் தொம்மென்று சத்தம். இரண்டு காலும் சேர்ந்து இறங்கிய சத்தம்.

"தேங்கா விழுந்திருக்கும்" என்றார் அவர். எங்கள் வீட்டில் தென்னை கிடையாது.

பிறகு பூட்ஸ் நடந்தது. படையல் அறைக்கு நேர் மேலே வந்து நின்றது. குதிகாலால் தட்டித் தட்டிப் பார்த்தது. பாவி, பசியோடு வந்த மனிதரை வெளியே நிறுத்திவிட்டேனே!

வெளிப்படியில் ஓடி ஏறினேன். மாடியில் ஒருவரும் இல்லை. காயப்போட்ட வேட்டிகூட அசையவில்லை. சத்தம் மட்டும் எனக்கு முன்னால், தரையில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

"அப்பா, இங்கிட்டு படி இருக்குப்பா. எறங்கி வாங்க."

பூட்ஸ் நின்றது. என் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது. ஆனால் அவருக்கு என்னைத் தெரியாதே. அவர் என்னைப் பார்த்ததே இல்லையே. கைப்பிடிச் சுவரை நோக்கி வேகமாக ஐந்தாறு எட்டு. கீழே விழும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். அது கேட்கவே இல்லை.

அழுதுகொண்டே திரும்பினேன். ரெங்கராஜ் கடப்பாரையோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.

"மாமா எந்த எடத்துல நின்னாங்க?" என்று கேட்டார்.