ஐந்து மணிச் சங்கு

ஐம்பத்தெட்டாம் வருஷம் புதுச்சேரி கிளப்புகளுக்காக நடந்த கால்பந்துப் போட்டியில் அதுதான் கடைசி ஆட்டம். மூலக்குளம் டீமின் கலியமூர்த்திக்கு வயிறு எரிந்தது. அவன் அடித்த ஏழு பந்தையும் மில் டீமின் கோல்கீப்பர் அம்மாவாசை, தறியில் அறுந்த நூலைப் பிடிப்பதுபோலச் சாவகாசமாகப் பிடித்துவிட்டான். இவன் மனுஷனா மதிலா என்று கலியமூர்த்தி பல்லைக் கடித்தான்.

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் எட்டாவது முறையாகப் பந்தோடு ஓடினான். அந்த நேரம் பார்த்து, மைதானத்தை அடுத்த மில்லில் ஐந்து மணிச் சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். அம்மாவாசை கையை உதறிவிட்டு, கம்பத்துக்குப் பின்னால் வைத்திருந்த தூக்குச்சட்டியை எடுக்கப் போனான். மில் டீமின் மற்ற பத்துப் பேரும் வீட்டைப் பார்க்கத் திரும்பியிருந்தார்கள். கலியமூர்த்தி நடந்தே போய்ப் பந்தை உள்ளே தள்ளினான்.

“முசியே! கோலு!” என்று பிரெஞ்சு மரியாதையோடு கத்தினான்.

ரெஃப்ரியைக் காணோம். கறாரான ஆள் என்று மூலக்குளத்தாரே கேட்டு வாங்கிய தேவதாஸ், அதே மில்லில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்றவர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனை வரை போயிருந்தார். கலியமூர்த்தி ஓடிப்போய், சட்டையைப் பிடிக்காத குறையாக அவரை அழைத்து வந்தான்.

“கோல் இல்ல” என்றார் தேவதாஸ், விசிலைத் துடைத்தபடி.

“ஏன் இல்ல? சங்கு ஊதுனா ஆட்டம் நின்னுடுமா?”

“சங்கு ஊதினப்பறம் செஞ்ச வேலைய அந்த மில்லுல என்னிக்குய்யா கணக்குல சேத்தாங்க?”