கூனல் ஆமை, எண் நாற்பத்தேழு

சர்ச் குழுவுக்குக் கிரிஸ்டல் போனில் அனுப்பிய படத்தை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஹோலிஸ் இன்னொரு தடவை பார்த்தார். குழந்தைகள் குளிக்கிற நீல பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் ஓர் ஆமை. நடுமுதுகு முட்டிக்கொண்டு மேலே எழும்பி, ஓட்டுக்குள் யாரோ ஒரு பந்தைத் திணித்துவிட்ட மாதிரி இருந்தது. உடம்பு முழுக்க அடுப்புக்கரிக் கறுப்பு. படத்தின் கீழே சர்ச் ஆட்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டு ஆமை என்றார் ஒருவர். ஆலைக் கழிவைக் குடித்து இப்படி ஆகிவிட்டது என்றார் இன்னொருவர். ஆமை விஷயத்தில் என்ன சந்தேகம் வந்தாலும் அந்த ஊரில் கடைசியாக ஹோலிஸிடம்தான் வந்து நிற்கும். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்துக்காக ஆற்றில் ஆமை பிடித்து எண்ணியவர். இப்போது வயது எழுபத்திரண்டு.

பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. காதோரம் சிவப்புக் கோடு உள்ள சாதாரண ஆற்று ஆமைதான். கிழட்டு ஆண். வயதானால் ஆண்கள் கறுத்துப்போகும், கோடு அழிந்துவிடும். முதுகெலும்பு பிறவியிலேயே வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் விரல் எழும்பவில்லை.

கூன் முதுகு ஆமை ஒன்றை இதற்குமுன் ஒரே ஒரு ஆள்தான் பார்த்ததாகச் சொல்லியிருந்தான். அவனைப் பொய்யன் என்று சொன்னவர் ஹோலிஸ்.

முப்பத்தொரு வருடம் ஆகிறது. அந்தக் கோடையில் இரண்டு படகுகள். கீழாற்றில் ஹோலிஸ், மேலாற்றில் டெல்பர்ட். பிடித்த ஆமையின் ஓட்டு விளிம்பில் அரத்தால் ராவி எண் போட வேண்டும். விளிம்பில் வரிசையாகக் கட்டங்கள் உண்டு. தலைப்பக்கமிருந்து எண்ணி, இடப்பக்கக் கட்டத்தில் போடும் வெட்டு பத்துகளுக்கு, வலப்பக்க வெட்டு ஒன்றுகளுக்கு. இடது நாலாவது, வலது ஏழாவது என்றால் நாற்பத்தேழு. நாற்பதுவரை ஹோலிஸுக்கு, அதற்குமேல் அறுபதுவரை டெல்பர்ட்டுக்கு. அடுத்த வருடம் மறுபடி பிடித்துப் பார்த்தபோது டெல்பர்ட்டின் எண் ஒன்றுகூட அகப்படவில்லை. அதற்குப் பதில் எண்பத்து நாலு என்று ஒன்று வந்தது. அப்படி ஓர் எண்ணை யாரும் போடவேயில்லை. பதினைந்து என்ற எண்ணோடு இரண்டு ஆமை வந்தது. இதற்கெல்லாம் மேலே டெல்பர்ட்டின் நோட்டில், நாற்பத்தேழுக்கு எதிரே, ‘ஒட்டகம் மாதிரி முதுகு’ என்று எழுதியிருந்தது. பல்கலைக்கழக அறையே விழுந்து விழுந்து சிரித்தது. ‘அவன் கரையில படுத்துக்கிட்டு நோட்ட ரொப்பியிருக்கான்’ என்று பேராசிரியரிடம் சொன்னது ஹோலிஸ்தான். டெல்பர்ட்டின் பக்கங்களின் மேல் சிவப்புக் கோடு இழுத்ததும் ஹோலிஸின் கைதான்.

வேலையை விட்டுப் போவதற்கு முன் டெல்பர்ட் ஒன்றே ஒன்று கேட்டான். “ஒரே ஒரு நாள் என் படகுல வந்து ஒக்காந்து பாரு ஹோலிஸ்.” ஹோலிஸ் போகவில்லை. அதற்கப்புறம் டெல்பர்ட் இருபத்தாறு வருடம் கோழி ஆலையில் கழுத்தறுத்துக் காலத்தை ஓட்டினான். ஊரில் அவனுக்கு ‘ஒட்டகம்’ என்றே பேர் ஆகிவிட்டது. போன பிப்ரவரியில் செத்துப்போனான். அடக்கத்தில் ஹோலிஸ் கடைசி வரிசையில் நின்று, பாட்டு முடியுமுன்னே நழுவி வந்துவிட்டார்.

கிரிஸ்டல் வீட்டுக்கு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

“என்ன மிஸ்டர் ஹோலிஸ், கண்ணால பாத்தாத்தான் நம்புவீங்களோ? கடிக்குமா இது?”

“உன் புருஷனவிடக் கம்மியாத்தான் கடிக்கும்.”

ஆமையைத் தூக்கி, தலையை அப்புறம் திருப்பிப் பிடித்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். வெட்டு இருந்தது! இயற்கையாக உடைந்ததில்லை, அரம் போட்ட வெட்டு. இடது ஏழு, வலது நாலு. எழுபத்து நாலு. மறுபடி எண்ணினார். எழுபத்து நாலுதான். ஆமை நிஜம், எண் பொய் என்றால் என்ன கணக்கு இது? எண் எப்படியோ போகட்டும், கூன் முதுகு நிஜம். அதையாவது டெல்பர்ட்டின் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

வெர்னா கார் நிறுத்துகிற கொட்டகை நிழலில் உட்கார்ந்து காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். தோலின் சாயம் ஏறி விரல் நுனியெல்லாம் ஊதா. அவளிடம் ஹோலிஸ் பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

“வழி தவறி வந்துட்டியா ஹோலிஸ்?”

ஹோலிஸ் வண்டியிலிருந்து தொட்டியைக் கீழே இறக்கி வைத்தார். வெர்னா எட்டிப் பார்த்தாள். காராமணிக் கிண்ணம் மடியிலிருந்து சரிந்து சிமெண்டுத் தரையில் கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பொறுக்கவில்லை.

“அடக் கடவுளே,” என்றாள். “இருக்கே! நெசமாவே இருக்கே!”

“இருக்கு வெர்னா. அதச் சொல்லத்தான் வந்தேன். ஆனா நம்பர் மட்டும் இடிக்குது. எழுபத்து நாலுன்னு...”

அவள் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து ஆமையைத் தூக்கினாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்ட விதத்தை ஹோலிஸ் பார்த்தார். தலை தன் வயிற்றைப் பார்க்க, வால் வெளியே. பிடித்த ஆமை என்ன செய்யும்? மூத்திரம் பீய்ச்சும். பீய்ச்சியது. ஹோலிஸின் பூட்ஸ் நனைந்தது.

“தள்ளி நிக்கமாட்டே?” என்றாள். “அவர் இப்படித்தான் வெச்சுக்குவார். படகுல முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, வாலத் தண்ணிப் பக்கம் திருப்பி. ‘நாளெல்லாம் நாத்தத்தோட ஒக்கார என்னால ஆகாதுடி’ம்பார்.”

அப்புறம், டெல்பர்ட் காட்டிக்கொடுத்த மாதிரியே, காராமணிச் சாயம் ஏறிய கட்டைவிரலால் தன் இடப்பக்கம் தடவி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வலப்பக்கம். ஏழு.

“நாப்பத்தேழு,” என்றாள். “நீ என்ன எழுபத்து நாலுங்கறே?”

ஹோலிஸ் அவள் எதிரே நின்றபடி பார்த்தார். அவர் பக்கத்திலிருந்து எழுபத்து நாலு. அவள் பக்கத்திலிருந்து நாற்பத்தேழு. அன்றைக்கு எண்பத்து நாலு என்று வந்தது நாற்பத்தெட்டு. இரண்டாவது பதினைந்து, ஐம்பத்தொன்று. ஆமையின் தலை தன்னைப் பார்த்திருக்க, டெல்பர்ட் தன் இடது கையை ஆமையின் இடதென்று எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வோர் ஆமையையும் பிடித்திருக்கிறான். ஒவ்வொன்றின் மேலும் வேர்வை சிந்தி ராவியிருக்கிறான். ஒரே ஒரு நாள் அவன் படகின் எதிர்ப்பலகையில் போய் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஹோலிஸ் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

“திட்டு வெர்னா. என்ன வேணாலும் சொல்லு. அவன் பேரக் கெடுத்தது நான்தான். அந்த நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. அந்தச் சிவப்புக் கோட்ட அழிச்சுட்டுத் திருத்தி எழுதிடறேன்.”

வெர்னா ஆமையின் கூனைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

“எழுது. யாரு படிக்கப்போறா?”

பின்னாலிருந்த துவைக்கும் இயந்திரம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

“ஆஸ்பத்திரியில கடைசி வாரம்,” என்றாள், ஆமையிடம் சொல்கிற மாதிரி. “அப்பவும் இதப் பத்தித்தான் பேச்சு. ‘வெர்னா, அது இருந்துச்சுடி, என் கையில வெச்சிருந்தேன்’னார். நான் போர்வைய இழுத்துவிட்டு, ‘சரிங்க, இருந்துச்சு, தூங்குங்க’ன்னேன். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி. அவர் என் மூஞ்சியப் பாத்தார். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார்.”

ஹோலிஸ் தலையைத் தூக்கவில்லை.

“நீ ஒரு தடவ பொய்யன்னு சொன்னே ஹோலிஸ். நான் முப்பது வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு நம்பாம இருந்தேன். உன்னத் திட்ட எனக்கு எந்த வாய் இருக்கு?”

ஆற்றங்கரைக்கு வண்டியில் போனார்கள். வழி முழுக்க ஆமை வெர்னாவின் மடியில்தான், தலை அவளைப் பார்க்க. படகு இறக்குகிற சரிவில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினாள். பாவாடை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஹோலிஸ் கை கொடுக்கப் போனார், அவள் பிடிக்கவில்லை. ஆமையைத் தண்ணீரில் வைத்தாள். அது போகவில்லை. கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தபடி மிதந்தது.

“இருந்துச்சுங்க,” என்றாள் வெர்னா, ஆற்றைப் பார்த்து.

ஆமை மெதுவாகத் திரும்பியது. முதலில் தலை முங்கியது, அப்புறம் விளிம்பு. கலங்கின தண்ணீருக்கு மேலே கறுத்த கூன் மட்டும் கொஞ்ச தூரம் போய்க்கொண்டிருந்தது.