முத்துக்குளிப்பவர் காலமானார்

என் மகள் புஷ்பவல்லிக்குப் பரிசம் போட நாள் குறித்த மறுநாளே எங்கள் வீட்டில் சாவு விழுந்துவிட்டது. செத்தவன் போர் டாங்கி ஓட்டுகிறவன். ஊர் தெரியாது, பேர் தெரியாது. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கார்த்திகேசு வைத்திருக்கும் வீடியோ கேம் கடையில், பெட்டிக்குள்ளே இருந்தவன். என் வீட்டுக்காரர் அய்யாவு சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று, "தனம், தண்ணி எடுத்து ஊத்து. போயிட்டான்" என்றார். யாரை அடிப்பது என்று தெரியாமல் நான் வாளியைத் தூக்கினேன்.

இந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத்தான் கிறுக்கி என்பீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்து வரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் அவருக்கு வேலை. மரண அறிவிப்புப் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. 'இயற்கை எய்தினார்', 'ஆறாத் துயருடன்', 'உற்றார் உறவினர் இதனையே அழைப்பாக ஏற்று' எல்லாம் அவர் கை எழுதியதுதான். அதில் அவருக்கு ஒரு விரதம் உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸிலோ எஸ்டேட் லயத்து வீட்டிலோ யாருமே இல்லாமல் ஒருவர் போய்விட்டால், 'துயருறும் குடும்பத்தார்' என்ற இடத்தைக் காலியாக விட மாட்டார். தன் பெயரைப் போடுவார். போட்டுவிட்டால் அது பங்காளிச் சாவு. வீட்டில் மீன் கிடையாது, கோலம் கிடையாது, கருமாதி முடிகிறவரை ஒரு நல்ல காரியத்துக்கும் போகக்கூடாது. எப்போதாவது ஒன்று என்பதால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மனுஷனுக்கு மனசு நல்ல மனசு, என்ன செய்வது?

எண்பத்தொன்பதாம் வருஷம் கார்த்திகேசு கடை திறந்தான். பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்தான். கூடவே, மாதம் ஒரு கேமுக்கு விமர்சனம் வரவேண்டும் என்று கேட்டான். சினிமா விமர்சனம் எழுதுகிறவர் அது தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் தியாகராஜன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அய்யாவு, நீங்க நாலு வரி எழுதுங்களேன். யாரைப் பத்தி எழுதினாலும் உங்களுக்கு நல்லா வருமே" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததோ மரண அறிவிப்பு எழுத்து ஒன்றுதான். கடைக்குப் போவார், ஒரு காசு போடுவார், விளையாடுவார். முதல் தடவை ஆள் செத்ததும் எழுந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார். சுடுகாட்டிலிருந்து வருகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம் இல்லையா, அதனால் திரும்பியே பார்க்க மாட்டார். நேரே ரயில், நேரே வீடு, நேரே குளியல். அப்புறம் உட்கார்ந்து எழுதுவார்.

எலிகளைச் சட்டியால் அடிக்கும் சமையல்காரன் கேமுக்கு இப்படித் தீர்ப்பு வந்தது: 'கடமையில் இருக்கும்போதே மறைந்தார். கடைசி மூச்சு வரை கரண்டியைக் கீழே போடவில்லை. நல்ல சாவு. நல்ல விளையாட்டு.' கார் பந்தயத்துக்கு: 'வளைவில் வேகம் குறைக்காத இளைஞர். அகால மரணம். பெற்றோர் பிள்ளைகளை இதை ஆட விட வேண்டாம்.' மேலேயிருந்து செங்கல் விழ விழ அடுக்குகிற கேம் ஒன்று. அதில் சாக ஆளே இல்லை. 'கட்டடம் கூரையில் முட்டி நின்றது. மேஸ்திரி கடைசிவரை தளத்துக்கு வரவில்லை. இரங்கல் தெரிவிக்க யாருமில்லை' என்று எழுதினார். காற்பந்து கேமில் இரண்டு பக்கமும் கோல் போடாமல், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் முடிந்துபோனது. "யாரும் போகலையே, என்னத்த எழுதுறது?" என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் 'தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஒரு வரி போட்டார்.

பத்திரிகை பிய்த்துக்கொண்டு போனது. பூச்சோங் பையன்கள் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஏனென்றால் பெட்டிக்குள் செத்தவர்களுக்கும் யாருமில்லை என்று சொல்லி, ஒவ்வொருவனுக்கும் தன் பெயரைப் போட்டார். மாதத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் தீட்டு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. "அந்தச் சமையல்காரன் எனக்கு மாமனா மச்சானா?" என்று கத்துவேன். "நான்தானே தனம் கூட்டிட்டுப் போய் எலிகிட்ட விட்டேன்? அவனுக்கு வேற யாரு இருக்கா?" என்பார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

சரி, பரிசத்துக்கு வருகிறேன். புஷ்பவல்லியும் அந்தப் பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையனின் அப்பா ரெங்கசாமி கிள்ளான் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முறை, சாங்கியம் என்றால் உயிர். எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு நேரடியாகவே சொன்னார்.

"ரெண்டே விஷயம்தான் தங்கச்சி. பரிசத்தன்னிக்கு வீட்ல தீட்டு இருக்கக்கூடாது. பொண்ணோட தாய்மாமன் தட்டு முன்னால வரணும். இது ரெண்டும் இல்லன்னா என்னைத் தப்பா நெனைக்காதீங்க, காஜாங்ல ஒரு எடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அதெல்லாம் வரும் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வரும்? நான் கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அம்மா முகம்கூடச் சரியாக நினைவில்லை. லயத்தில் ஆளுக்கொரு வாய் சோறு போட்டு வளர்த்தார்கள். அண்ணன் இல்லை, தம்பி இல்லை, சண்டை போட ஒரு அக்காகூட இல்லை. என் கல்யாணத்தில் 'பெண் வீட்டார்' என்று போட்டிருந்த நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை. இப்போது என் மகளுக்கும் அதே கதியா? அவள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

டாங்கிக்காரனின் கருமாதி பரிசத்துக்கு முன்பே முடிந்தது. அப்பாடா என்று வீட்டைக் கழுவிவிட்டேன். அன்றைக்கே தியாகராஜன் ஆள் அனுப்பினார். தீபாவளி மலருக்குக் கார்த்திகேசுவின் புது மெஷினைப் பற்றி எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் விளம்பரம் இல்லையாம்.

"போங்க. ஆனா ஆளு சாகக்கூடாது. செத்தான், அப்புறம் நானும் செத்தேன்னு வச்சுக்குங்க" என்று சொல்லி, நம்பிக்கை இல்லாமல் நானும் கூடவே ரயில் ஏறினேன்.

புது மெஷினில் ஒரு முத்துக்குளிக்கிறவன். படகில் நிற்பான். மெஷினில் இருக்கிற கம்பைத் தள்ளினால் கடலுக்குள் குதித்து முத்து எடுப்பான். என் வீட்டுக்காரர் காசைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவன் படகிலேயே நின்றான். அலை மேலே போனது, கீழே வந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான். பின்னால் பையன்கள் முணுமுணுத்தார்கள்.

"அண்ணே, கீழ இறக்குங்க லா" என்றான் கார்த்திகேசு.

"கீழ சுறா இருக்கு."

"அது தெரியும் அண்ணே. அதுக்குத்தானே கேமே!"

"தெரிஞ்சே எப்படி இறக்கச் சொல்றீங்க? அவன் இங்க நல்லாத்தானே இருக்கான்?"

எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? "தள்ளுங்க" என்று அவரை இடித்துவிட்டுக் கம்பைப் பிடித்தேன். அவன் குதித்தான். தண்ணீர் நீலமாக இருந்தது. ஒரு முத்து எடுத்தான். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! இரண்டாவது முத்தும் எடுத்தான். "ஆன்டி, மேல வாங்க, மேல வாங்க" என்று கார்த்திகேசு கத்தினான். அவனுக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம்கூட இருக்காது, ஆன்டியாம். அந்தக் கோபத்தில் இன்னொரு முத்துக்குக் கையை நீட்டினேன். சுறா வந்து வாயைப் பிளந்தது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்தார். "திரும்பிப் பாக்காத" என்று என்னை வாசல் பக்கம் திருப்பி நிறுத்தினார். பரிசம் போச்சே! அப்போதுதான் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"கொஞ்சம் இருங்க. யாரு ஆடுனது? நான். அப்ப செத்தவன் என் பக்கத்து ஆளு. பொறந்த வீட்டுச் சாவு எனக்கு மூணு நாள்தான். உங்களுக்கு ஒரு தலைமுழுக்கு. கணக்கு சரியா இல்லையா?"

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "சரிதான்" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவரோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அப்ப உன் பொறந்த வீட்ல யாரு பேரைப் போடறது?"

கேட்கக்கூடாத கேள்வி. மனுஷன் வேண்டுமென்று கேட்கவில்லை, அறிவிப்புக்குத் தேவை என்றுதான் கேட்டார். என்னுடைய ஒரு பெயர்தான் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் போட யாருமில்லை என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கார்த்திகேசுவின் குரல் வந்தது. "என் பேரையும் போடுங்க அண்ணே. மெஷின் என்னோடது. அவன் என் வீட்டுப் பையன்தானே?"

அந்த வாரமே வெளியான தீபாவளி மலரில் வந்தது: 'முத்துக்குளிப்பவர் காலமானார். கடலில் துணிவுடன் இறங்கி, இரண்டு முத்துகள் எடுத்து, மூன்றாவதற்கு முயன்றபோது மறைந்தார். ஆடத் தகுந்த விளையாட்டு. துயருறும் உடன்பிறந்தோர்: தனலெட்சுமி (பிரிக்பீல்ட்ஸ்), கார்த்திகேசு (கிள்ளான்).' அச்சுக் கோக்கிறவர் அதை வழக்கம்போல மரண அறிவிப்புகளோடு சேர்த்துப் போட்டிருந்தார்.

பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் லோரி நிறைய வந்து இறங்கினார்கள். ரெங்கசாமி செருப்பைக் கழற்றியதும் நேரே என்னிடம் வந்து கைகூப்பினார்.

"பேப்பர்ல பாத்தேன் தங்கச்சி. தம்பி கடல்ல போயிட்டாராமே. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. நல்லா நீந்துறவரா?"

"நல்லாத்தான் நீந்துனான் அண்ணே. என் கைதான் சரியில்ல" என்றேன். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நடிப்பில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. கார்த்திகேசு புது வேட்டியில் இறங்கினான். அவன் மனைவி, மாமியார், கொழுந்தியா எல்லார் கையிலும் தட்டு. பட்டுப்புடவை, பழம், வெற்றிலை, பூ. நான் கூப்பிடவில்லை, கேட்கவும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் நாளைக் கேட்டுக்கொண்டானாம். பேப்பரில் பெயர் வந்துவிட்டதாம், அப்புறம் எப்படி வராமல் இருப்பதாம்.

ரெங்கசாமி அவன் பெயரைக் கேட்டுக்கொண்டு, தட்டுகளைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். சாங்கியக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

"தங்கச்சிக்கு மூணு நாளு, அது கழிஞ்சிருச்சு. ஆனா இவரு ஆம்பளப் புள்ள. கூடப் பொறந்தவர் செத்து இன்னும் கருமாதி ஆகலையே. தீட்டுக்காரரு எப்படித் தட்டு தூக்கலாம்?"

கதவுக்குப் பின்னால் புஷ்பவல்லியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கார்த்திகேசு ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"யாரு செத்தா அங்கிள்? முத்து எடுக்கிறவனா? அவன் சாகலையே. ஆன்டியும் அண்ணனும் திரும்பிப் பாக்காம போயிட்டாங்க. அவங்க படி எறங்குறதுக்குள்ள அவன் மறுபடி படகுல ஏறி நின்னுட்டான். இன்னைக்குக் காலையிலகூட முத்து எடுத்துக்கிட்டுத்தான் இருந்தான்!"

"பொழைச்சிட்டாரா!" என்று ரெங்கசாமி அலறினார். "முருகா!" வந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ எனக்குச் சர்க்கரை ஊட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். மெதுவாகக் கார்த்திகேசுவிடம் போனார். "எந்திரிச்சிட்டானா?"

"எந்திரிச்சிட்டான் அண்ணே. எப்பவும் எந்திரிப்பாங்க. நீங்க அப்படி எழுதுறது ஒரு ஸ்டைல்னு நெனைச்சேன்."

"டாங்கிக்காரன்?"

"அவனும்தான்."

"அந்தச் சமையல்காரன்? கார் ஓட்டுன பையன்?"

"அண்ணே, எல்லாரும் லா."

அவர் சுவரோரம் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். இத்தனை வருஷம் எழுதியதில் ஒருவர்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

"நல்ல சேதி வந்த எடத்துல அழக்கூடாது சம்பந்தி" என்று ரெங்கசாமி அதட்டினார். பிறகு எழுந்து நின்று, சபைக்குக் கேட்கும்படி, "தனலெட்சுமி பொறந்த வீட்டுக்காரங்க முன்னால வாங்க" என்று கூப்பிட்டார்.

கார்த்திகேசு தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, இதை எங்க வைக்கிறது?" என்றான். கையைக் காட்டினேன்.

அடுத்த வாரம் மரண அறிவிப்புப் பக்கத்தின் மூலையில், அந்தப் பக்கத்தில் அதுவரை வந்தே இராத ஒன்று கட்டம் கட்டி வந்தது. 'திருத்தம்: முத்துக்குளிப்பவர் நலமாக உள்ளார். மற்ற அனைவரும் அவ்வாறே. உடன்பிறந்தோர் பெயர்களில் மாற்றம் இல்லை.'