இடது கால் செய்த வேலை

என் வீட்டுக்காரர் காத்தவராயனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆறு நாள்தான் இருந்தது. நிஜ விமானம் இல்லை. எங்கள் மகள் இனியா விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஓடுகிற பழைய போர் விமானம். இவர் இருபத்திரண்டு வருஷமாகப் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்காரர். இந்த வயதில் இந்தக் கூத்து எதற்கு என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

நாலு மாதத்துக்கு முன் இனியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அதே வாரம் இவர் ஸ்ரீமுஷ்ணத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தார். வேலைக்குத்தான் போவேன் என்றாள். "போனா திரும்பி வராத" என்று சொல்லிவிட்டார் மனுஷன். அவளும் இவர் பெண்தானே, போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு மட்டும்தான் பேச்சு. இவர் போனை எடுத்தால் வைத்துவிடுவாள். இவர் போய், சுத்தமாக இருக்கிற டிராக்டரைக் கழுவுவார்.

போன திங்கட்கிழமை அவளே ஒரு வழி சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓசூரிலிருந்தே அந்த விளையாட்டில் ஓடுபாதையில் நிற்பாளாம். அப்பா பக்கத்தில் வந்து சேர்ந்து விமானத்தைக் கிளப்பினால் பேசுவாளாம். முன்பு எத்தனையோ முறை விளையாடக் கூப்பிட்டிருக்கிறாள், வேலையற்ற வேலை என்று எழுந்து போவார். இப்போது அவளுக்கு இறங்கி வர ஒரு சாக்கு வேண்டும், இவருக்கும் வேண்டும்.

கம்ப்யூட்டரோடு அவள் வாங்கி வைத்திருந்த, காலால் மிதிக்கிற பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியிலிருந்து உடைந்த பொம்மை அச்சு இரண்டைக் கேட்டு வாங்கிவந்து முட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் விமானம் தரையில் வட்டமடித்ததே தவிர நேராகப் போகவில்லை. ஒவ்வொரு பெடலின் நுனியும் அந்தந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் பிரேக்காம். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, வயக்கோடியில டிராக்டர எப்புடித் திருப்புவீங்க? ஒரு பக்கத்து பிரேக்க மட்டும் மிதிச்சிதான?"

என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மூக்கு நிமிர்ந்த விமானத்தை, முன்னால் பாதை மறைவதால் பக்கம் பார்த்துப் பார்த்து, வளைத்து வளைத்து ஓட்டிப்போனார். மறுநாள் டீக்கடையில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

ஆனால் கிளப்புவதுதான் பெரும்பாடு. வேகம் கொடுத்ததும் விமானம் தானாக இடதுபக்கம் இழுக்கும். வலது காலால் தள்ளிச் சமாளிக்க வேண்டும். இவருக்கோ பதறினால் இடது கால் கிளட்சைத் தேடும். விமானத்தில் கிளட்ச் ஏது? அந்தக் கால் இடது பிரேக்கை மிதிக்க, வண்டி சுழன்று மூக்கைத் தரையில் குத்தும். வியாழக்கிழமை மட்டும் பதினோரு விமானம் போயிற்று. இடது காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். சனிக்கிழமை மூன்று முறை மேலே ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு விமானம் காத்திருந்தது. இவர் ஓட்டிக்கொண்டுபோய் அதற்கு வலதுபக்கம் அலுங்காமல் நிறுத்தினார்.

ஸ்பீக்கரில் இனியாவின் குரல் வந்தது. "நல்லா ஓட்டுறீங்கப்பா."

நாலு மாதம் கழித்து அப்பா என்கிறாள். மனுஷன் பதறிவிட்டார். வேகத்தைக் கூட்டினார், இடது கால் தன் புத்தியைக் காட்டியது. விமானம் சுழன்று நேராக மகளின் விமானத்தில் போய் மோதி, இரண்டும் எரிந்தன.

இவர் குனிந்து மைக்கின் பக்கத்தில் வாயை வைத்தார்.

"தப்பு எம்மேலதான் பாப்பா."

அவள் சிரித்தாள். "இருக்கட்டும்பா, வேற பிளேனு எடுத்துக்கலாம்."

"பிளேன சொல்லல. அன்னிக்கு வராதன்னு சொன்னன் பாரு, அத சொல்றன்."

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு விமானமும் எரிந்துகொண்டே இருந்தன. ஸ்பீக்கரில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெள்ளிக்கிழம வூட்டுக்கு வரேம்பா. பஸ் ஸ்டாண்டுக்கு வருவீங்களா?"

இவர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். தலையாட்டினால் அவளுக்குக் கேட்காது என்று நான்தான் சொல்ல வேண்டும். நானும் கூடவே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.