உள்ளதை உள்ளதென்று

ஞானப்பூ தென்காசியில் பதினாறு வருஷமாக வேதஸ்திரீயாக இருந்தாள். துணிப்பைக்குள் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். வீட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். கேட்கிறவர்களுக்கு ஒரு வசனம் வாசிப்பாள். வாசித்ததோடு விடமாட்டாள். அதை அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இழுத்துவந்துவிடுவாள். மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசாத மருமகளிடம், "சூரியன் அஸ்தமிக்கதுக்கு முன்னால கோபத்தை விடணும்னு எழுதியிருக்கு. உனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னு வானத்தைப் பாரு" என்பாள்.

அவள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலாக நின்ற வசனம் வேறு. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்." மகன் இஸ்ரவேல் சிறுபிள்ளையில் சட்டியை உடைத்தால் அடி விழாது. உடைக்கவில்லை என்று சொன்னால் விழும். ஞானப்பூ பொய் சொல்லமாட்டாள் என்பது அந்தப் பக்கத்தில் இந்துக்களுக்கும் தெரியும், முஸ்லிம்களுக்கும் தெரியும்.

அவள் புருஷன் சுவிசேஷமுத்து குற்றாலத்தில் ஒரு துரையின் பங்களாவுக்குக் காவல்காரன். சீசனில் சமையலும் அவன்தான். இஸ்ரவேலுக்கு இருபது வயது. குற்றாலத்துக்குப் போய்வரும் பஸ்ஸில் கிளீனராக இருந்தான். பஸ் வந்ததிலிருந்து குதிரைவண்டிக்காரர்களுக்கு ஆள் குறைந்துபோயிற்று. அந்த வருஷம், 1936 ஆனியில், சாரல் தொடங்கிக் கூட்டம் வர ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, செல்லப்பா என்ற வண்டிக்காரன் தன் வண்டியில் ஏறவந்த குடும்பத்தை இஸ்ரவேல் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டான் என்று அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தான். இஸ்ரவேல் திருப்பி அடிக்கவில்லை. வீட்டில் வந்தும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் அந்தியில் அவன் வாய்க்கால் கரை வழியாக, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தான். ஞானப்பூ விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, செல்லப்பாவ அடிச்சிட்டேன்."

"எங்கன வச்சு?"

"இலஞ்சி ரோட்டுல, மாந்தோப்புப் பக்கம். மறுபடியும் ஏசினான். கையில பஸ்ஸைச் சுத்திக் கிளப்புத கம்பி இருந்துச்சு." அவன் பற்கள் கிட்டித்துக்கொண்டன. "எந்திரிக்கல்லம்மா."

கொஞ்சநேரத்தில் சுவிசேஷமுத்து வந்தான். வரும் வழியிலேயே அவன் கேள்விப்பட்டிருந்தான். செல்லப்பாவை வீட்டுக்குத் தூக்கிவருமுன் உயிர் போய்விட்டதாம். மகனைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு மனைவியிடம் சொன்னான்.

"யார் வந்து கேட்டாலும், இவன் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டான். நீ அதைச் சொன்னாப் போதும். உன் வாயிலேருந்து வந்தா ஒருத்தனும் மறுகேள்வி கேக்கமாட்டான்."

"என்னப் பார்த்தா சொல்லச் சொல்லுதீங்க?"

"வேதத்துல ராகாப் பொய் சொல்லலியா? வேவுகாரரக் கூரையில ஒளிச்சு வச்சிட்டு, போயிட்டாங்கன்னு சொன்னா. அவளக் கர்த்தர் தள்ளிட்டாரா? ஏட்டி, இவன் ஒத்தப் பிள்ளை."

மறுநாள் காலையில் ஏட்டு நம்பிராஜன் வந்தார். செல்லப்பா யார் யாரை அடித்திருந்தானோ அவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். திண்ணென்ற குரலில் பேசுகிறவர், ஞானப்பூவைக் கண்டதும் தணிந்து பேசினார்.

"அம்மா, நேத்து ஆறரை மணிக்கு உங்க மகன் எங்க இருந்தான்?"

"வீட்ல இருந்தான்."

"நீங்க சொன்னா சரிதான்." அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அவள் உள்ளே வந்து மகனுடைய சட்டையை இரண்டாம் முறையாகத் துவைத்தாள். கறை முதல் தடவையிலேயே போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து ரஹ்மத்தைப் பிடித்தார்கள். அவனும் குதிரைவண்டிக்காரன். வண்டி நிறுத்தும் இடத்துக்காக, கொலை நடந்த அன்று காலையில்தான் அவனுக்கும் செல்லப்பாவுக்கும் கைகலப்பு நடந்திருந்தது. கொன்றுவிடுவேன் என்று அவன் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அந்தியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன் என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

அன்று குடும்ப ஜெபத்தில் சுவிசேஷமுத்து சங்கீதம் வாசித்தான். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." வாசித்துவிட்டு, "நமக்காகவே எழுதினாப்ல இருக்கு" என்றான். ஞானப்பூ ஆமென் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு நண்பகலில் ரஹ்மத்தின் மனைவி அலிமா வந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் கைக்குழந்தை இருந்தது. ஞானப்பூவிடம்தான் அவள் எழுத்துப் படித்தவள்.

"அக்கா, அவுஹ அன்னைக்கு உங்க தெரு வழியாத்தான் வண்டியை ஓட்டிட்டு வந்தாஹளாம். கோயில்ல சாயங்கால மணி அடிச்சிட்டிருந்துச்சாம். நீங்க வாசல்ல நின்னீங்களாம், அவுஹ தலைய அசைச்சாஹளாம். கண்டீங்களா அக்கா?"

ஞானப்பூ கண்டிருந்தாள். சாயங்கால மணி ஆறரைக்கு அடிக்கும். அந்த நேரத்தில் ரஹ்மத் இலஞ்சி ரோட்டில் இருந்திருக்கவே முடியாது.

"வேற ஒண்ணும் வேண்டாம். கண்டதை மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாஹ."

"நாளைக்குச் சொல்லுதேன், போ" என்று அவளை அனுப்பினாள். ரஹ்மத்தைப் பார்த்ததை மட்டும் சொல்ல முடியுமா என்று அன்று மாலை வரை யோசித்தாள். ஏன் வாசலில் நின்றாய் என்று கேட்பார்கள். மகன் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றைவிட்டு ஒன்றைத் தனியாகப் பிய்த்து எடுக்க முடியவில்லை.

சபைப் போதகரான ஐயரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் தாடியைத் தடவினார். "கர்த்தர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஜெபம் பண்ணுங்கள்" என்றார். மேஜையில் கிடந்த வேதத்தை அவர் தொடவில்லை என்பதை ஞானப்பூ கவனித்தாள்.

வீட்டுக்கு வந்து இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"இஸ்ரவேலு, நீயே போய்ச் சொல்லிரு. நானும் கூட வாரேன். வேணும்னு கொல்லலன்னு சொல்லுவோம்."

"தூக்குல போட்டுருவாங்கம்மா." அவன் அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். பத்து வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை.

"அலிமா பிள்ளையும் பாலுக்கு அழுது. ரஹ்மத்தைத் தூக்குல போட்டா?"

"அதுக்கு நாம என்ன செய்ய?" என்றான் சுவிசேஷமுத்து. "ராகாப்..."

"ராகாப் சொன்ன பொய்யினால இன்னொருத்தன் கழுத்துக்குக் கயிறு வரலியே."

அவன் எழுந்து அவளை ஒரு அறை அறைந்தான். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் அடி. விடியற்காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் போய் மலையாளத்துக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தான்.

விசாரணை தென்காசிக் கோர்ட்டில் நடந்தது. ஞானப்பூ ரஹ்மத்தின் வக்கீலைப் பார்த்துத் தன்னைக் கூப்பிடச் சொன்னாள். கூண்டில் அவள் கையில் கொடுத்த வேதப்புத்தகம் அவளுடையதைவிடச் சின்னது. ரஹ்மத்தைக் கண்டீர்களா என்றார் வக்கீல். கண்டேன் என்றாள். எத்தனை மணிக்கு? சாயங்கால மணி அடிக்கும்போது. பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சாரலில் அந்த நேரத்துக்கு எதற்காக வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள்?"

"என் மகன் வீட்டுக்கு வரல்ல. அவன எதிர்பார்த்து நின்னேன்."

"ஆறரை மணிக்கு வீட்டில் இருந்தான் என்று நீங்கள்தானே வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள்?"

"அது பொய். நான் சொன்ன பொய்." அதற்குமேல் அவளை யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. விளக்கேற்றிய நேரம், நனைந்த சட்டை, இரும்புக் கம்பி எல்லாவற்றையும் அவளே வரிசையாகச் சொன்னாள். கோர்ட்டின் பின்பக்கத்தில் நின்றிருந்த சுவிசேஷமுத்து பாதியிலேயே வெளியே போய்விட்டான்.

ரஹ்மத்தை விட்டுவிட்டார்கள். இஸ்ரவேலைப் புனலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிடித்தார்கள். திடீர்ச் சண்டையில் நடந்தது என்று தூக்கு விலகியது. பத்து வருஷம் கடுங்காவல். ஓடி ஒளிந்ததை ஜட்ஜ் தீர்ப்பில் இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார்.

அதற்குப்பிறகு சுவிசேஷமுத்து மனைவியோடு பேசவில்லை. வைத்ததைத் தின்றான், பங்களாவுக்குப் போனான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். வேதஸ்திரீ வேலையிலிருந்து அவளைக் கொஞ்சநாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அந்த ஓய்வு முடியவே இல்லை. "பெத்த பிள்ளையக் காட்டிக்கொடுத்தவ வந்து நமக்கு வசனம் சொல்லுவாளாக்கும்" என்று கிணற்றடியில் சொன்னது அவள் காதில் விழுந்தது. சொன்னவள், உள்ளதை உள்ளதென்று சொல்லும் வசனத்தை அவளிடமே மனப்பாடம் செய்தவள்.

மகனைப் பார்க்க ஜெயிலுக்குப் போனாள். இஸ்ரவேல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அப்பா வரலியா?"

"வரல்ல. நான்தான் வந்தேன்."

அவன் திரும்பி உள்ளே நடந்துவிட்டான். அடுத்தமுறை போனபோது, பார்க்க விருப்பமில்லை என்று வார்டர் வந்து சொன்னான். சுவிசேஷமுத்து போனால் மட்டும் பேசினானாம்.

மூன்றாம் வருஷம் வைகாசியில் ஜெயிலிலிருந்து கடிதாசி வந்தது. சீதபேதி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துவிட்டதாகவும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் நாலு வரி. சுவிசேஷமுத்து அதை வாசித்து மனைவி முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

துக்கத்துக்கு ஐயர் வந்தார். இரண்டொரு ஆண்கள் வந்தார்கள். பெண்களில் அலிமா ஒருத்திதான் வந்தாள். ஞானப்பூ அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "நீ போயிரு அலிமா. உன் மேல குத்தம் இல்ல. ஆனா உன்னப் பாக்க எனக்கு இன்னைக்குத் தாங்காது" என்றாள். அலிமா கொண்டுவந்திருந்த கஞ்சியை அடுப்படியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள்.

எல்லாரும் போனபிறகு சுவிசேஷமுத்து வாயைத் திறந்தான். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் குரல் அவளுக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது.

"கோர்ட்ல போய்ச் சொன்னோமேன்னு இப்பவாவது நினைக்கியா?"

"அதுக்கு நான் வருத்தப்படல்ல."

"பின்ன?"

"ஏட்டய்யா வந்து கேட்டாரே, அன்னைக்கு வீட்ல இருந்தான்னு சொன்னேனே, அதுக்குத்தான். அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் அவனோட ஸ்டேஷனுக்கு நடந்து போயிருப்பேன். எங்க அம்மை எங்கூட வந்தான்னாவது அவனுக்கு இருந்திருக்கும். முதல்ல மறைச்சு வச்சு, அவன் நம்பினப்புறம் சொன்னேன். அதை அவன் எப்படி மன்னிப்பான்?"

சுவிசேஷமுத்து எழுந்துபோய் அலிமா வைத்த கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தான். அவள் குடிக்கவில்லை. மறுநாள் பங்களாவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று விடியுமுன்னே அவன் குற்றாலத்துக்கு நடந்தான்.