ஏழாவது அட்டை

ஆறு வருடமாக அவனுக்கு இரண்டு தோணியில் கால். ஒன்று ஆஸ்பத்திரி: ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, தட்டுத்தட்டாகக் கட்டி, கிருமி சாக ஆவியில் ஏற்றுகிற வேலை. மற்றொன்று போதகராவதற்கான இறையியல் கல்லூரி. நவீன இறையியலும் தத்துவமும் சேர்ந்த வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. இன்று மூன்றாவது. இதிலும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

கேள்வி பதில்களை வெள்ளை அட்டைகளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பான். தட்டுக்குள் வைக்கிற கருவிப் பட்டியலும் அதே மாதிரி அட்டைதான். கை கருவியை எண்ணும், உதடு தத்துவத்தை முணுமுணுக்கும். வேலையிடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'சாமியார்'.

தேர்வறையில் பேராசிரியர் அவன் போனை வாங்கி மேசை மேல் வைத்தார். சிரித்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். முதல் நான்கு கேள்விகளுக்கும் அவன் தடங்கலில்லாமல் பதில் சொன்னதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

"கடைசிக் கேள்வி. மனுஷன் துன்பப்படும்போது கடவுள் எங்க இருக்கார்?"

அவனுடைய ஏழாவது அட்டை! இன்று காலை தட்டு கட்டும்போது மனப்பாடம் செய்தது. நிம்மதியாக வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தான். கூடவே ஓர் அட்டை மடியில் விழுந்தது.

கருவிப் பட்டியல். வயிற்று ஆபரேஷன், பத்தரை மணி. ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற பன்னிரண்டாவது கிளாம்ப்புக்கு எதிரே அவன் கையெழுத்து: 'திருகு லூஸ், மாற்று.'

மாற்றவில்லை. அந்த இடத்தில்தான் ஏழாவது கேள்வி குறுக்கே வந்தது. பட்டியலுக்குப் பதில் ஏழாவது அட்டையை உள்ளே வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறான். சுவர்க்கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு.

பதில் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டே ஆஸ்பத்திரியைக் கூப்பிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே உடம்பு கூசியது. போனுக்குக் கை நீட்டினான்.

"தொட்டா தேர்வு முடிஞ்சது" என்றார் பேராசிரியர்.

"தெரியும் ஐயா" என்று எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டான்.

அங்கே அவன் பிரிவைக் கவனிக்கிற மேற்பார்வை அக்கா விஷயத்தைக் கேட்டதும் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பேராசிரியர் பேனாவை மூடினார். முள் பத்தரையைத் தாண்டியது. அவனுக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

"நிறுத்திட்டாங்க." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "திருகு பாதி கழண்டிருக்கு. மேல எழுதிப் போடணும், சாமியார். உன் பேரைத்தான் போடணும்."

"போடுங்கக்கா."

இதுவே சரியான பதில் என்று பேராசிரியர் எழுந்து கைகுலுக்கியிருப்பார் என்று நினைத்தால், அவரை உங்களுக்குத் தெரியாது. தேர்வு ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். படிப்பு போயிற்று, வேலையும் நிலைக்காது என்றான்.

"அந்த ஆளு?" என்றாள்.

"எந்த ஆளு?"

"ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவரு."

"அவருக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப பஸ் ஏறி வா."

கல்லூரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதான். ரொம்ப நேரம் அழுதான். பிறகு பஸ் ஏறினான்.